இரத்தத்தில் கன உலோகங்கள்: எந்தப் புரதத்தைப் பிடிக்கின்றன, எப்படிச் சோதிப்பது, எப்படி வெளியேற்றுவது

காரீயம், பாதரசம், காட்மியம் போன்ற உலோகங்கள் இரத்தத்தில் தனித்து மிதப்பதில்லை. உள்ளே வந்ததும் ஏதாவது ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. எது எதைப் பற்றுகிறது என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் அதிலிருந்தே விளங்கும்: அந்த உலோகம் உடம்பில் எங்கே போய்ச் சேரும், எத்தனை நாள் தங்கும், பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வேண்டுமா சிறுநீர் கொடுக்க வேண்டுமா, எந்த மருந்து அதை எட்டும். இது தெரியாமல் காரீயத்துக்குச் சீரம் (உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்) பரிசோதனை எழுதிக்கொடுத்தால், உடம்பு நிறைய காரீயம் இருப்பவருக்கும் தாளில் சின்ன எண்தான் வரும்.

செட்டிநாட்டில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் பல தொழில்களில் இருக்கிறார்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோத்தமங்கலம் பக்கம் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும்போது பர்மா தேக்குக் கதவுகளிலும் சன்னல் கம்பிகளிலும் உள்ள எண்ணெய்ப் பெயின்டைச் சுரண்டும் வேலையாட்கள் முதல் வரிசை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவரில் இந்தப் பயம் இல்லை. மரத்தின் மேல் உள்ள பழைய பெயின்டிலும், இரும்புக் கிராதியின் அடிப்பூச்சான செங்காரீயத்திலும்தான் ஆபத்து. வீட்டுப் பெயின்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு எதுவானாலும் காரீயம் உள்ளதாகவே எண்ணி வேலை செய்யுங்கள். அடுத்து, நகைப் பட்டறையில் பொடி (நகையை ஒட்டவைக்கும் பற்றாசு) வைத்து ஊதும் பத்தர்கள். பிறகு ஈயச்சொம்பில் ரசம் வைக்கும் வீடுகள், பேட்டரிக் கடைகள், காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் வாங்கிய வண்ண எனாமல் தட்டில் சாப்பிடுகிறவர்கள்.

முதல் படி: இரத்தத்தின் இரண்டு அறைகளைப் பிரித்துப் பாருங்கள்

இரத்தத்தில் ஏறக்குறைய 40 முதல் 45 விழுக்காடு சிவப்பணுக்கள். மீதி, அவை மிதக்கும் நீரான பிளாஸ்மா. உலோகம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே முதல் கேள்வி.

பிளாஸ்மாவில் மிகுதியாக இருப்பது ஆல்புமின், லிட்டருக்கு 35 முதல் 50 கிராம். இது 585 அமினோ அமிலங்களால் ஆன ஒற்றைச் சங்கிலி. அதில் கந்தகம் உள்ள அமினோ அமிலமான சிஸ்டீன்கள் 35 உண்டு. அவற்றில் 34 தங்களுக்குள் இணைந்து 17 கந்தகப் பாலங்களாகி விடுகின்றன. எஞ்சி நிற்கும் ஒன்று, சங்கிலியின் 34-ஆம் இடத்தில் உள்ள சிஸ்டீன். பாதரசம் இங்குதான் வந்து ஒட்டும். ஆல்புமினின் தொடக்க முனையில் வேறொரு பிடிப்பிடம் இருக்கிறது. மூன்றாவதாக உள்ள ஹிஸ்டிடினைச் சுற்றி அமைந்த அந்த இடத்தைத் தாமிரமும் நிக்கலும் பிடிக்கும். டிரான்ஸ்ஃபெரின் இரும்பைச் சுமக்கும் புரதம். சாதாரணமாக அதன் இடங்களில் மூன்றில் ஒரு பங்குதான் இரும்பால் நிறைந்திருக்கும். காலி இடங்களில் அலுமினியம் ஏறிக்கொள்ளும்.

சிவப்பணுவுக்குள் நிறைந்திருப்பது ஹீமோகுளோபின். அதன் பீட்டா சங்கிலியின் 93-ஆம் இடத்துச் சிஸ்டீன் எளிதில் வினைபுரியும். கூடவே லிட்டருக்கு 2 மில்லிமோல் அளவில் குளூட்டதயோன் என்ற சிறு மூலக்கூறும் இருக்கிறது. எண்ணிக்கையில் மிகக் குறைவானாலும் காரீய விஷயத்தில் தலைமை வகிப்பது ஒரு நொதி. அதன் பெயர் டெல்டா அமினோலெவுலினிக் அமில டிஹைட்ரடேஸ். சுருக்கமாக அலாட் என்பார்கள்.

இரண்டாம் படி: பிடிப்பின் வேதியியல்

பாதரசம், காட்மியம், காரீயம், மூவிணைதிற ஆர்செனிக் ஆகியவற்றுக்குக் கந்தகத்தின் மேல் தனி ஈர்ப்பு. புரதத்தில் கந்தகம் வெளிப்பட்டு நிற்பது சிஸ்டீனின் தயால் (கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) முனையில். பல நொதிகளில் அந்த முனை துத்தநாகத்தைப் பிடித்திருக்கும். நச்சு உலோகம் அந்தத் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அதே இடத்தில் அமர்கிறது. அளவிலும் வடிவிலும் அது துத்தநாகத்தைப் போல் இல்லாததால் நொதி வேலை செய்வதை நிறுத்திவிடும்.

இறுக்கமான பிடிப்பு என்றால் அசையாத பிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பாதரசத்துக்கும் தயாலுக்கும் உள்ள பிணைப்பு மிக வலுவானது. ஆனால் பக்கத்தில் இன்னொரு தயால் வந்தால் நொடிக்குள் அதற்குத் தாவிவிடும். உடம்பு முழுவதும் பாதரசம் பரவுவதும், தயால் உள்ள மருந்தால் அதை இழுக்க முடிவதும் இந்தத் தாவலால்தான்.

மூன்றாம் படி: காரீயம்

இரத்தத்தில் உள்ள காரீயத்தில் 100-க்கு 99 பங்கு சிவப்பணுவுக்குள் இருக்கிறது. பிளாஸ்மாவில் ஒரு பங்குகூடத் தேறாது. சிவப்பணுவுக்குள்ளும் பெரும்பங்கு அலாட் நொதியோடு. எட்டு துணை அலகுகள் சேர்ந்த இந்த நொதியில், மூன்று சிஸ்டீன்கள் ஒரு துத்தநாகத்தைப் பிடித்திருக்கும் இடம் காரீயத்துக்கு அப்படியே பொருந்திவிடுகிறது. துத்தநாகத்தைவிடப் பல மடங்கு இறுக்கமாக அங்கே தங்கிவிடும்.

ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் பகுதியான ஹீமின் தயாரிப்பில், தொடக்கக் கட்டத்தில் அலாட் வேலை செய்கிறது. அது முடங்கினால் அமினோலெவுலினிக் அமிலம் தேங்கிச் சிறுநீரில் வெளியேறும். இந்த அமிலம் நரம்பு மண்டலத்தின் காபா என்ற தூதுப் பொருளை ஒத்தது. காரீய நஞ்சில் காணும் நரம்புக் கோளாறுகளில் இதற்கும் பங்கு உண்டு. கடைசிக் கட்டத்தில் ஃபெரோகெலடேஸ் நொதியும் தடைபடும். இரும்பு நுழைய வேண்டிய வளையத்தில் துத்தநாகம் நுழைந்து, துத்தநாக புரோட்டோபார்ஃபிரின் உருவாகும். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், இந்தப் பொருளின் அளவு கடந்த மூன்று நான்கு மாதங்களின் பாதிப்பைக் காட்டும். பிரிமிடின் நியூக்ளியோடிடேஸ் என்ற மூன்றாவது நொதியும் முடங்குகிறது. சிதையாமல் தேங்கிய ஆர்.என்.ஏ. துணுக்குகள் நுண்ணோக்கியில் சிவப்பணுவுக்குள் நீலப் புள்ளிகளாகத் தெரியும்.

அலாட் நொதியின் இடங்களுக்கு எல்லை உண்டு. குறைந்த அளவில் காரீயம் முழுவதும் அதிலேயே அடங்கிவிடும். அளவு கூடக்கூட இடம் நிரம்பி, பிளாஸ்மாவில் அலையும் பங்கு வேகமாக ஏறும். மூளைக்கும் எலும்புக்கும் கருவிலுள்ள குழந்தைக்கும் போவது இந்தப் பிளாஸ்மாப் பங்குதான். ஆகவே டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராம் என்ற எண் 20-ஐப் போல் இரண்டு மடங்கு கெடுதல் என்று கணக்குப் போட வேண்டாம். அதைவிட மோசம்.

இரத்தத்தில் காரீயத்தின் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) ஏறக்குறைய ஒரு மாதம். எலும்பிலோ பத்தாண்டுக் கணக்கு. பெரியவர்களின் உடலிலுள்ள காரீயத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் எலும்பில் கிடக்கிறது. கர்ப்பக் காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் எலும்பு கரையும்போது அது மறுபடி இரத்தத்துக்கு வரும். இளம் வயதில் பெயின்ட் வேலை பார்த்த பெண்ணுக்குப் பல ஆண்டு கழித்துக் குழந்தை உண்டானாலும் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

உள்ளே வரும் வழிக்கு இரண்டு வார்த்தை. ரசச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. அதில் காரீயம் கலந்துவிட்டால் புளியும் தக்காளியும் சூடும் சேர்ந்து அதைக் கரைத்துவிடும். வீட்டிலேயே ஒரு முதல் சோதனை செய்யலாம். ஒரு கிராம் வரை சரியாகக் காட்டும் தராசில் சொம்பை உலர்வாக நிறுங்கள். பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்கி, அடியில் முட்டாமல், காற்றுக் குமிழி இல்லாமல் நிறுங்கள். உலர் எடையை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். வெள்ளீயத்துக்கு 7.3 வர வேண்டும். 10 விழுக்காடு காரீயம் கலந்திருந்தால் 7.57 வரும். 500 கிராம் சொம்பில் இது 68.5 கிராமுக்கும் 66 கிராமுக்கும் உள்ள வித்தியாசம். ஒன்றிரண்டு விழுக்காட்டுக் கலப்படத்தை இந்த முறை காட்டாது. நகைக்கடை எக்ஸ்ரே கருவி தங்கத்துக்காக அளவீடு செய்யப்பட்டது. அதில் வரும் காரீய எண்ணை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சொம்பின் மேல் சந்தேகம் இருந்தால் ரசத்தை எவர்சில்வருக்கு மாற்றிவிடுங்கள்.

கதவு சுரண்டுகிறவர்களுக்கு: தண்ணீர் தெளித்து ஈரத்தில் சுரண்டுங்கள், உலர்வாகத் தேய்க்காதீர்கள், துடைப்பத்தால் கூட்டாதீர்கள். ஊதுவிளக்கால் பெயின்டைக் கருக்கினால் காரீயப் புகையே மூச்சில் போகும். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போகக்கூடாது. வயிற்றுக்குள் போன காரீயத்தில் பெரியவர் உடம்பு 10 விழுக்காடு அளவுக்கு ஏற்கும். சிறு குழந்தையின் குடல் 40 முதல் 50 விழுக்காடு ஏற்றுவிடும். அப்பாவின் சட்டைத் தூசி குழந்தைக்குத்தான் முதலில் கேடு.

நான்காம் படி: பாதரசம்

பாதரசம் மூன்று உருவத்தில் வரும். மூன்றும் வேறு வேறு புரதங்களைத் தேடிப் போகும்.

மீனில் வருவது மெத்தில் பாதரசம். இரத்தத்தில் இதன் 90 விழுக்காட்டுக்கு மேல் சிவப்பணுவில், ஹீமோகுளோபினின் சிஸ்டீன்களோடு. பிளாஸ்மாவில் உள்ள சிறு பங்கு ஆல்புமினின் 34-ஆம் சிஸ்டீனில். தனிச் சிஸ்டீனோடு சேர்ந்த மெத்தில் பாதரசம் உருவத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைப் போல் இருப்பதால், மூளையின் காவல் சுவரில் அந்த அமினோ அமிலத்துக்கான வாசலிலேயே உள்ளே போய்விடுகிறது. இரத்தத்தில் அரை ஆயுள் ஏறக்குறைய 50 நாள்.

மீனின் தசையிலும் அது இதே போல் புரதத்தின் சிஸ்டீனில்தான் பிணைந்திருக்கிறது. அதனால் கழுவினாலும், புளியில் ஊறவைத்தாலும், பொரித்தாலும், கொழுப்பை வெட்டி எறிந்தாலும் போகாது. மீன் வகையைத் தேர்ந்தெடுப்பது ஒன்றே வழி. தொண்டி, கோட்டைப்பட்டினம் பக்கமிருந்து வரும் மத்தி, நெத்திலி, சங்கரா போன்ற சிறிய மீன்களில் பாதரசம் குறைவு. பெரிய சுறா, பெரிய சூரை, முதிர்ந்த வஞ்சிரம் ஆகியவற்றில் அதிகம். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுக்கும் வழக்கத்தை விட வேண்டியதில்லை. குட்டிச் சுறாவாகப் பார்த்து வாங்குங்கள், பெரிய சுறாவின் துண்டத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

உடைந்த வெப்பமானியிலிருந்து வரும் பாதரச ஆவி இரண்டாவது. மூச்சில் போன ஆவியில் 80 விழுக்காடு அளவுக்கு நுரையீரல் வழியே இரத்தத்தில் சேரும். சிவப்பணுவிலுள்ள கேட்டலேஸ் நொதி அதை ஆக்சிஜனேற்றி அயனியாக்கும். அதற்குள் தப்பிய ஆவி மூளைக்குப் போய்விடும். குழந்தை திரவ பாதரசத்தை விழுங்கிவிட்டால் பதற வேண்டாம், குடல் அதை ஏறக்குறைய ஏற்பதே இல்லை. சிந்திய பாதரசத்தை வெற்றிட உறிஞ்சியால் இழுப்பதுதான் ஆபத்து, வீடு முழுக்க ஆவி பரவும். சன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் சேர்த்து, மூடியுள்ள புட்டியில் அடையுங்கள்.

மூன்றாவது, சில சிவப்பழகு கிரீம்களில் உள்ள பாதரச உப்பு. இது பிளாஸ்மாவிலும் சிவப்பணுவிலும் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்து, சிறுநீரகத்தில் போய்ச் சேரும். இதற்குச் சிறுநீர்ப் பரிசோதனையே சரி.

ஐந்தாம் படி: காட்மியம்

காட்மியம் 321 டிகிரியில் உருகும், 767 டிகிரியில் கொதிக்கும். தங்கம் உருகுவதோ 1064 டிகிரியில். காட்மியம் கலந்த பொடியை வைத்துக் கேடிஎம் நகை பற்றவைக்கும்போது ஊதுகுழல் தீயில் காட்மியம் புகையாகி மூச்சில் போவது இதனால்தான். துத்தநாகமோ இன்டியமோ சேர்த்த பொடிக்கு மாறிவிடுவது ஒன்றே நிலையான தீர்வு. முகத்தில் கட்டும் துணி இந்தப் புகையைத் தடுக்காது. பீடி, சிகரெட்டிலும் காட்மியம் உண்டு. பட்டறைக்காரர் புகைப்பவராகவும் இருந்தால் இரட்டைச் சுமை.

இரத்தத்தில் நுழைந்த காட்மியம் முதலில் ஆல்புமினைப் பற்றிக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே அது வந்ததைக் கண்டு கல்லீரல் மெட்டலோதயோனின் என்ற சிறு புரதத்தைச் செய்யத் தொடங்கும். 60 சொச்சம் அமினோ அமிலங்களில் 20 சிஸ்டீன்கள். ஒரு மூலக்கூறு ஏழு காட்மியம் அயனிகளைப் பிடித்துவைக்கும். 1957-ல் குதிரையின் சிறுநீரகத்தில் முதன்முதலாகக் கண்டறிந்த புரதம் இது. கல்லீரலைக் காப்பதும் இதுதான், சிறுநீரகத்தைக் கெடுப்பதும் இதுதான். அளவில் சிறியதாகையால் சிறுநீரக வடிகட்டியில் எளிதில் இறங்கும். இறங்கியதைச் சிறுநீரக நுண்குழாய்கள் புரதம் என்று மீட்டு உள்ளே எடுத்துச் சிதைக்கும். புரதம் கரைந்ததும் காட்மியம் அந்தச் செல்லிலேயே விடுபடும். அங்கே அதன் அரை ஆயுள் 10 முதல் 30 ஆண்டு.

நுண்குழாய் கெடத் தொடங்கினால் பீட்டா 2 மைக்ரோகுளோபுலின் என்ற சிறு புரதம் சிறுநீரில் கூடும். இந்தப் பரிசோதனையில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. புளிப்பான சிறுநீரில், பி.எச். 5.5-க்குக் கீழே, இந்தப் புரதம் மூத்திரப்பையிலேயே சிதைந்துவிடும். எண் பொய்யாகக் குறையும். காலை முதல் சிறுநீரை விட்டுவிட்டு, தண்ணீர் குடித்து, அடுத்த சிறுநீரைக் கொடுத்து, உடனே பி.எச். பார்க்கச் சொல்லுங்கள். புளிப்பு தாங்கும் ரெட்டினால் பிணைப்புப் புரதத்தை அளக்கும் ஆய்வகம் கிடைத்தால் அது இன்னும் நல்லது.

மற்றவை

ஆர்செனிக் மனித இரத்தத்தில் சில மணி நேரமே தங்கும். ஆகவே சிறுநீர்தான். மூன்று நான்கு நாள் முன்பிருந்தே மீன், நண்டு, இறால் சாப்பிடக்கூடாது. அவற்றிலுள்ள தீங்கற்ற ஆர்செனிக் சேர்மம் எண்ணை ஏற்றிவிடும். எலியின் ஹீமோகுளோபின் ஆர்செனிக்கை இறுகப் பிடித்து நெடுநாள் வைத்துக்கொள்ளும் தன்மை உடையது. அந்தச் சோதனை முடிவுகளை மனிதருக்குப் பொருத்தக்கூடாது. ஆறிணைதிற குரோமியம் சிவப்பணுவுக்குள் நுழைந்து, மூவிணைதிறமாக ஒடுங்கி, ஹீமோகுளோபினில் ஒட்டி, அந்த அணு சாகும்வரை அங்கேயே இருக்கும். தாலியம் பொட்டாசியத்தைப் போல் நடப்பதால் புரதப் பிடிப்பு அதற்கு முக்கியமில்லை.

ஆறாம் படி: பிடிப்பைக் கண்ணால் பார்க்க, கல்லூரி ஆய்வகத்துக்கு

ஆல்புமினின் ஒற்றைத் தயாலைப் பாதரசம் அடைப்பதை, திறந்த தயாலோடு வினைபுரிந்து மஞ்சள் நிறம் தரும் எல்மன் வினைப்பொருளால் அளக்கலாம். மாட்டு ஆல்புமின் 26.6 மில்லிகிராமை, பி.எச். 8.0 உள்ள 100 மில்லிமோலார் ஹெபெஸ் கரைசல் 10 மில்லிலிட்டரில் கரையுங்கள். இது 40 மைக்ரோமோலார். ஆறு குழாய்களில் 1 மில்லிலிட்டர் வீதம் ஊற்றுங்கள். 27.15 மில்லிகிராம் மெர்குரிக் குளோரைடை 100 மில்லிலிட்டர் தண்ணீரில் கரைத்த 1 மில்லிமோலார் கரைசலிலிருந்து முறையே 0, 2.5, 5, 10, 20, 40 மைக்ரோலிட்டர் சேர்த்து 10 நிமிடம் வையுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் 10 மில்லிமோலார் எல்மன் கரைசல் 20 மைக்ரோலிட்டர். அரை மணி கழித்து 412 நானோமீட்டரில் படியுங்கள். அடிப்படை அளவைக் கழிக்கப் புரதம் இல்லாத குழாய் ஒன்றும் வேண்டும்.

கடைச் சரக்கு ஆல்புமினில் பாதி மூலக்கூறுகளில்தான் தயால் திறந்திருக்கும் என்று கொண்டால், பாதரசம் இல்லாத குழாயில் 0.28 சுற்றி வர வேண்டும். வெளிவரும் மஞ்சள் பொருளின் உறிஞ்சும் கெழு 14,150. பாதரசம் ஏற ஏற மஞ்சள் நிறம் குறையும். திறந்த தயாலின் பாதி அளவுப் பாதரசத்திலேயே வரைகோடு வேகமாக இறங்கினால் வியப்படைய வேண்டாம். ஒரு பாதரச அயனி இரண்டு ஆல்புமின்களைப் பாலமாக இணைக்கவல்லது.

கெடும் இடங்கள் மூன்று. கரைசலில் இ.டி.டி.ஏ. இருந்தால் அது உலோகத்தைப் பிடித்துச் சோதனையைக் குழப்பும். பல கல்லூரிக் குறிப்பேடுகளில் எல்மன் கரைசலுக்கு அதைச் சேர்க்கச் சொல்லியிருப்பதால் கவனம். இரண்டாவது, பாதரசம் மிகையானால் வெளிவரும் மஞ்சள் பொருளின் தயாலையே பிடித்து நிறத்தைக் குறைக்கும். அந்தக் குறைவைப் புரதக் கணக்கில் சேர்க்கக்கூடாது. மூன்றாவது, இதையே காரீயத்தில் செய்யப் பாஸ்பேட் கரைசலை எடுத்தால் காரீயப் பாஸ்பேட் வீழ்படிவாகும். கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் பெயர் எழுதிய புட்டியில் சேர்க்க வேண்டும். கையுறை, புகைக்கூண்டு இரண்டும் கட்டாயம்.

ஏழாம் படி: இரத்தம் கொடுக்கும் முறை

காரீயம், காட்மியம், மெத்தில் பாதரசம் மூன்றுக்கும் முழு இரத்தம். சீரமோ பிளாஸ்மாவோ வேண்டாம்.

1. சி.டி. ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்தபோது அயோடின் அல்லது கடோலினியம் ஊசி போட்டிருந்தால் 96 மணி நேரம் கழித்து வாருங்கள். உலோகத்தை அளக்கும் பொருண்மை நிறமாலைக் கருவியை அவை குழப்பும்.
2. வேலைத் தளத்திலிருந்து நேரே வராதீர்கள். குளித்து, உடுப்பு மாற்றி, கையை முழங்கை வரை சோப்பால் கழுவுங்கள். ஸ்பிரிட் பஞ்சு காரீயத் தூசியை எடுக்காது.
3. நுண் உலோகச் சோதனைக்கென்று சான்றளித்த, நீல மூடியுள்ள இ.டி.டி.ஏ. குழாயைக் கேளுங்கள். காரீயம் மட்டும் என்றால் அதற்குச் சான்றுள்ள ஊதா மூடியும் போதும்.
4. எடுத்ததும் குழாயை 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். உறைந்துவிட்டால் உலோகமெல்லாம் கட்டிக்குள் சிக்கிய சிவப்பணுக்களோடு போய்விடும். அந்த மாதிரியைத் தள்ளிவிட வேண்டும்.
5. சுழற்றிப் பிரிக்கக்கூடாது. குளிர்பெட்டியில் 4 டிகிரியில் அனுப்புங்கள், உறையவைக்க வேண்டாம்.

விரல்நுனியில் குத்தி அளக்கும் கையடக்கக் கருவி மின்வேதி முறையில் வேலை செய்வது. 1953-லிருந்து மின்வேதியியல் ஆய்வகம் இயங்கும் காரைக்குடியில் இந்த முறை மாணவர்களுக்குப் பழக்கமானது. அமிலக் கரைசல் முதலில் சிவப்பணுவை உடைத்து, அலாட் நொதியிலிருந்து காரீயத்தை விடுவிக்கிறது. பிறகு மின்முனையில் படியவைத்து, திரும்பக் கரையும்போது மின்னோட்டத்தை அளக்கிறது. கரைசலோடு இரத்தம் சரியாகக் கலக்காவிட்டால் புரதத்தில் ஒட்டிய காரீயம் விடுபடாது, எண் குறையும். தோலில் தூசி இருந்தால் எண் ஏறும். விரல்நுனியில் உயர்ந்த எண் வந்தால் கை இரத்தக்குழாயில் எடுத்த இரத்தத்தைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்த பிறகே மற்றதெல்லாம்.

எட்டாம் படி: தாளைப் படிப்பது

முதலில் அலகு. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் லிட்டருக்கு 50 மைக்ரோகிராமும் ஒன்றே. லிட்டர் கணக்கில் 48 என்று வந்ததைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். எதிர்ப்பக்கம், டெசிலிட்டர் கணக்கில் 48 என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்படி டெசிலிட்டருக்கு 5 அல்லது மேல் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும். குழந்தைக்கு 45 அல்லது மேல் என்றால் உலோகம் இழுக்கும் மருந்து. அமெரிக்காவில் குழந்தைகளுக்கான குறிப்பு அளவை 2021-ல் 3.5 ஆக இறக்கினார்கள்.

நம் பெண்களில் இரத்தசோகை பரவலாக இருப்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். காரீயம் சிவப்பணுவில் இருப்பதால், சிவப்பணு குறைந்தவருக்கு எண்ணும் குறைந்தே காட்டும். சிவப்பணுப் பங்கு 30 விழுக்காடாக உள்ளவருக்கு 7 என்று வந்தால், அதே காரீயச் செறிவுள்ள அணுக்களோடு 42 விழுக்காடு உள்ளவருக்கு 9.8 வந்திருக்கும். இது தோராயக் கணக்கு, தாளில் எழுதும் கணக்கு அன்று. ஆனாலும் சோகை உள்ளவரின் எல்லையோர எண்ணை "பரவாயில்லை" என்று ஒதுக்கிவிடக்கூடாது என்பதற்கு இது போதும். துத்தநாக புரோட்டோபார்ஃபிரினும் இங்கே ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைவிலும் அது ஏறும். காரீயம் டெசிலிட்டருக்கு 25-க்குக் கீழே இருந்தால் ஏறாமலே இருக்கும்.

காட்மியத்தில் இரத்த எண் அண்மை மாதங்களைக் காட்டும், சிறுநீர் எண் பல ஆண்டுச் சேமிப்பைக் காட்டும். பட்டறையை விட்டுப் பத்தாண்டு ஆனவருக்குச் சிறுநீர்தான் பேசும்.

ஒன்பதாம் படி: வெளியேற்றம்

மருந்தும் ஒரு பிடிப்பிடம்தான். புரதத்தைவிட வலுவாகப் பிடித்து, தண்ணீரில் கரையும் சேர்மமாக்கி, சிறுநீரகம் வழியே தள்ள வேண்டும்.

டி.எம்.எஸ்.ஏ. என்ற மாத்திரையில் இரண்டு தயால்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. காரீயத்துக்கும் பாதரசத்துக்கும் பயன்படும். கால்சியம் டைசோடியம் இ.டி.டி.ஏ. ஊசியில் கால்சியம் இருக்கும் இடத்தில் காரீயம் ஏறிக்கொள்ளும். பெயரில் கால்சியம் இல்லாத டைசோடியம் இ.டி.டி.ஏ. தவறாகப் போட்டு, இரத்தக் கால்சியம் வீழ்ந்து உயிர்போன சம்பவங்கள் மருத்துவ வரலாற்றில் உண்டு. ஊசி போடுமுன் புட்டியின் முழுப் பெயரையும் படிக்கச் சொல்வது உங்கள் உரிமை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் ஆர்செனிக் வாயுவுக்கு எதிராகச் செய்த டைமெர்காப்ரோல், மெத்தில் பாதரசத்தை மூளைக்கே நகர்த்தக்கூடும். அந்த நோயாளிக்கு ஆகாது. மெட்டலோதயோனினில் அடைந்துபோன நாள்பட்ட காட்மியத்துக்கு நிரூபணமான மருந்தே இல்லை. அங்கே புகையை நிறுத்துவது மட்டும்தான் மருத்துவம்.

மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரில் உலோகம் பார்த்து "உடம்பு முழுக்க விஷம்" என்று சொல்லும் சோதனையை நம்ப வேண்டாம். மருந்து கொடுத்தால் எல்லோருக்கும் அந்த எண் ஏறும். ஒப்பிட நேரான அளவுகோல் கிடையாது. பற்பம், செந்தூரம் வகை மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் பெயரையும் எத்தனை நாளாக என்பதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

சாப்பாட்டில் செய்ய முடிந்தது இரும்பும் கால்சியமும். இரும்பு குறைந்தால் குடல் இரும்புக்கான வாசலை அகலத் திறக்கும். அதே வாசலில் காரீயமும் காட்மியமும் நுழையும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பால், ஈரல், தேவையானால் மருத்துவர் எழுதிய இரும்பு மாத்திரை. வெறும் வயிற்றில் காரீயம் அதிகமாக உறிஞ்சப்படும் என்பதால் தூசி வேலைக்குச் சாப்பிட்டுவிட்டே போங்கள்.

மாத்திரை முடிந்த மறுநாள் இரத்தத்தில் எண் நன்றாக இறங்கியிருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். எலும்பிலும் மற்ற திசுக்களிலும் இருந்து காரீயம் வெளியே வந்து, புதிதாகப் பிறந்த சிவப்பணுக்களின் அலாட் நொதியை மறுபடி நிரப்பும். எனவே 2 முதல் 4 வாரம் கழித்து, அதே ஆய்வகத்தில், அதே வகைக் குழாயில் மறு பரிசோதனை. எண் திரும்ப ஏறியிருந்து, வீட்டில் சொம்பும் மாறாமல் கதவும் சுரண்டப்பட்டுக்கொண்டே இருந்தால் அது புதிதாக உள்ளே வருவது. எல்லாம் மாற்றியாகிவிட்டது, ஆனாலும் ஏறுகிறது என்றால் எலும்பிலிருந்து வருவது. முதலாவதற்குத் தேடல், இரண்டாவதற்கு அடுத்த சுற்று மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரோடு பேச்சு.